முதலைக்கு மேலே ஒரு மாதம்

டுரியான் பழம் வாங்குகிறவன்கூட முகர்ந்து பார்த்து, காதருகே குலுக்கிப் பார்த்து, பிறகுதான் காசை எடுப்பான். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கதை தேர்ந்தெடுக்கிறவன் அதைவிடக் கவனமாக இருக்க வேண்டாமா? நான் இருக்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காத ஒரே குற்றத்துக்காக என் கல்யாணம் நடுக்கடலில் நின்றது.

அப்போது நான் கடல் கடந்த ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். (தற்காலிகம் என்றால் வேலை முழுசு, மரியாதை பாதி.) பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை வந்து என் ஏழாம் வகுப்பைப் பார்த்துத் தலையசைத்தால் வேலை நிரந்தரம். எனக்குப் பேசிவைத்திருந்த தங்கத்தின் அப்பாவும் அந்தத் தலையசைப்புக்காகவே காத்திருந்தார். "வேலை நிலைக்கட்டும் தம்பி. அன்னைக்கே தேதி குறிச்சிடலாம்" என்று சொல்லியிருந்தார்.

தலைமையாசிரியர் எனக்கு ஒரு நீதிக்கதைப் புத்தகம் கொடுத்தார். அதில் எல்லாத் திருடர்களும் கடைசி வரியில் திருந்திவிடுவார்கள். பிள்ளைகள் அதுவரைகூட விழித்திருப்பதில்லை. கடைசி பெஞ்சு மாரிமுத்து, நான் புத்தகத்தை எடுக்கும்போதே தலையைச் சாய்த்துவிடுவான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுப்பான கதை ஒன்று தேடிச் சூலியா தெருவில் காதர் அண்ணன் கடைக்குப் போனேன். ஊரிலிருந்து கப்பலில் வரும் மாதப் பத்திரிகைகள் அவரிடம்தான் கிடைக்கும்.

ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே வேலப்பன் என்ற வீரன் கோட்டைச் சுவரைத் தாண்டினான். இது போதும் என்று வாங்கிவிட்டேன். முன்கூட்டியே படித்துவிட்டால் குரலில் ஆச்சரியம் குறைந்துவிடும் என்பது என் கொள்கை. (சோம்பலுக்கு ஒரு நல்ல பெயர் வேண்டுமல்லவா?)

மறுநாள் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மாரிமுத்து பெஞ்சின்மேல் ஏறி நின்று கேட்டான். வேலப்பன் அகழிக்கு மேலே ஒரு கொடியைப் பிடித்துத் தொங்குகிறான். கீழே முதலை வாயைப் பிளக்கிறது. கொடி அறுகிறது. நான் பெருமிதத்தோடு பக்கத்தைப் புரட்டினேன். "தொடரும்" என்று போட்டிருந்தது.

"அடுத்தது எங்க சார்?" என்றான் மாரிமுத்து.

"கப்பலில் வரும்."

அந்தக் கப்பலும் வரவில்லை. காதர் அண்ணனிடம் ஓடினேன். "கப்பல்ல யாருக்கோ அம்மையாம் தம்பி. ஜெரஜாக் தீவுல நிறுத்தி வச்சிட்டாங்க லா. புஸ்தகக் கட்டு வந்தா உங்க பள்ளிக்கூட வாசலுக்கே கொண்டாரேன், போங்க" என்றார்.

பிள்ளைகள் விடவில்லை. கணக்குப் போடச் சொன்னால், "வேலப்பன் என்ன ஆனான் சார்?" என்றார்கள். பொறுக்கமாட்டாமல் நானே ஒரு முடிவு கட்டினேன். நீதிக்கதைப் பழக்கம் போகுமா? வேலப்பனின் நற்குணத்தைக் கண்டு முதலை மனம் திருந்தி, வாயை மூடிக்கொண்டு போய்விட்டது என்றேன்.

மாரிமுத்து என்னை இரக்கத்தோடு பார்த்தான். "முதலை எங்கயாச்சும் திருந்துமா சார்? சும்மா கதை விடாதீங்க லா!"

இந்த நிலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழைப் புத்தகத்திலேயே படித்த வெள்ளைக்காரர். "மாணவர்களே, உங்கள் ஆசிரியர் உங்களுக்கு யாது கற்பித்தார்?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்து வைத்திருந்த பதிலைச் சொல்ல மாரிமுத்து எழுந்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் கைவண்டிச் சத்தம். "தம்பி! புஸ்தகம் வந்துருச்சு!" என்று காதர் அண்ணனின் குரல்.

கண் மூடித் திறப்பதற்குள் வகுப்பு காலி. பாதிப் பேர் கதவு வழியாக, மீதிப் பேர் ஜன்னல் வழியாக. வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் துரை நின்றார். தலைமையாசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தங்கத்தின் கழுத்தில் வேறு எவனோ தாலி கட்டுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பிள்ளைகள் பத்திரிகையோடு திரும்பி வந்தார்கள். நடந்ததை மாரிமுத்து துரைக்கு விளக்கினான், முதலை திருந்தியது உட்பட. துரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாசியும்" என்றார்.

வாசித்தேன். கொடி அறுந்தது. வேலப்பன் விழுந்தான். முதலையின் முதுகில் விழுந்தான்! முதலை தண்ணீருக்குள் மூழ்கியது. தொடரும்.

"அநியாயம்!" என்று எழுந்தவர் துரைதான். வாசல்வரை போனவர் திரும்பி, "உம்முடைய வேலையைப் பற்றி அடுத்த மாதம் முடிவு செய்வேன். அந்தக் கப்பல் வந்த பிறகு வருவேன்" என்றார்.

தங்கத்தின் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார்.

அடுத்த மாதம் கப்பல் ஒழுங்காக வந்தது. வேலப்பன் கரையேறினான். துரை தலையசைத்தார், நானும் கரையேறினேன். கல்யாணத்தில் தாலியைக் கையில் எடுத்தபோது பின்னாலிருந்து மாரிமுத்து, "சார், தொடரும்னு சொல்லிடாதீங்க லா!" என்று கத்தியதில் மேளக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

ஆனால் இந்தக் கதையில் தங்கத்துக்குப் பிடித்தது அந்த இடம் இல்லை. நாளையிலிருந்து சுருட்டை விட்டுவிடுகிறேன் என்று நான் சத்தியம் செய்யும்போதெல்லாம் அவள் அடுப்படியிலிருந்தே எங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுகிறாள்.

"ஓடி வாங்க, ஓடி வாங்க! முதலை திருந்திடுச்சாம்!"