ரூல்ஸ்காரரின் சொந்தக்காரர்கள்

ஊரில் நாலு வக்கீல் இருப்பது போதாதென்று தெருவுக்கு ஒரு ரூல்ஸ்காரரும் வாய்த்துவிடுகிறார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டப் புத்தகத்தை அவர் கையால் தொட்டதில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் யாராவது ஒரு தொழிலுக்கு அடுப்பு மூட்டினால் போதும், இவருக்கு மூக்கு வேர்த்துவிடும்.

ஏற்காட்டில், ஒண்டிக்கடைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு தெருவுக்கு வாய்த்தவர் கருப்பண்ணன். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கூலியாட்களுக்கு ஆஜர் போட்ட கை சும்மா இருக்குமா? எதிர்வீட்டுக் கலாவதி தலைச்சோலையிலிருந்து காபிக் கொட்டை வாங்கிவந்து, வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் வழியாக வந்த வாசனையை ஓசியில் இழுத்து முடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“ஏனுங்க கலாவதி, ஊட்டுக் கரண்டுல மிசின் ஓட்டறீங்களே, ரூல்ஸ் தெரியுங்களா?”

“மிசினு ஊட்டுக்குள்ளதானுங்க இருக்குது?”

“ஊடுன்னா குடியிருக்கோணும். யாவாரம்னா தனி மீட்டருங்க. பியூசைப் புடுங்கிட்டுப் போயிருவாங்க, பாத்துக்குங்க!”

கலாவதி ஆடிப்போனாள். கோடை விழாக் கடைகளுக்கு ஐம்பது கிலோ தூள் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். கரண்ட் போனால் சீசன் போச்சு. அந்தச் சீசனை நம்பித்தான் அவள் வீடே ஓடுகிறது. மறுநாளே போய்த் தனி மீட்டருக்கு எழுதிக் கொடுத்தாள். பத்து நாளாகும் என்றார்கள்.

இதற்கு ரூல்ஸ்காரர் சந்தோஷப்பட வேண்டுமா, இல்லையா? மாட்டார். அடுத்தவர் ரூல்ஸை மீறினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மீட்டர் வருவதற்குள் முந்திக்கொண்டு மின்வாரியத்துக்கு ஒரு புகார் மனு எழுதிப் போட்டார். ‘எதிர்வீடு’ என்று எழுதினால் அது என்ன மனு? கதவு எண் போட வேண்டாமா? அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழையது, புதியது என்று இரண்டு எண். “ரெக்கார்டுல பழசுதானுங்க செல்லும்” என்பது அவர் கட்சி. ஆகவே கலாவதி வீட்டின் பழைய எண்ணைப் போட்டார்: பதினேழு.

இப்போது அவர் வீட்டு மாடியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மூன்று அறைகள். சீசனில் அங்கே தங்கி, பணம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘சொந்தக்காரங்க’. பெங்களூர், ஓசூர், புதுச்சேரி என்று எங்கெங்கும் சொந்தம். காலை பதினொரு மணிக்குள் எல்லாச் சொந்தமும் அறையைக் காலி செய்துவிட வேண்டும்.

ஒருநாள் காலை மின்வாரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கலாவதி மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். அவரோ எதிர்ச்சாரிக்குத் திரும்பி, தகட்டில் புதிய எண் பதினேழு என்றிருந்த வீட்டுக்குள் நுழைந்தார். அது கருப்பண்ணன் வீடு. அந்தத் தகட்டை அந்த வீட்டுக்காரர் ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

மாடியில் ஒவ்வொரு கதவிலும் நம்பர், ஒவ்வொரு குளியலறையிலும் ஹீட்டர், ஒவ்வொரு அறையிலும் ஆட்கள்.

“யாருங்க இவங்கெல்லாம்?”

“நம்ம சொந்தக்காரங்க, சார்.”

“அப்படிங்களா? இவரு பேரு என்னங்க?”

கருப்பண்ணன் கதவிலிருந்த நம்பரைப் பார்த்தார். வாயில் பிரஷ்ஷோடு நின்ற சொந்தக்காரரே உதவிக்கு வந்தார்: “ஓனர் சார், ரெண்டாம் நம்பர்ல ஹீட்டர் வேலை செய்யலை!”

“ஏனுங்க சார், நான் மனுப் போட்டது எதிர்த்த ஊட்டு மேலங்க!”

“பதினேழுன்னுதானுங்க எழுதியிருக்குது. இது உங்க கையெழுத்துதானுங்களே?”

எதிர்வாசல் வரைக்கும் கேட்டது. அன்றைக்குத் தனக்குப் புத்தி சொன்னவர்தான் மனுவும் போட்டிருக்கிறார் என்று கலாவதிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆத்திரமும் வந்தது, அதை மீறிக்கொண்டு சிரிப்பும் வந்தது. அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு மீட்டர் வந்தது. ஐம்பது கிலோவும் சொன்ன தேதிக்குக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கருப்பண்ணன் தனி மீட்டருக்கு விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றார்.

நீங்கள் அந்த ஜாதியில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும், பக்கத்து வீட்டில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டு உங்கள் விரல் செல்போனில் புகார் நம்பரைத் தேடும்போது, ஒரு நிமிஷம் வாசலுக்கு வந்து உங்கள் கதவு எண்ணைப் படித்துவிடுங்கள். அப்படியே மாடிக்குப் போய், உங்கள் சொந்தக்காரர்களின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.