நன்மை வாங்காத ஆமென் அண்ணன்

எங்கள் கோயிலில் நன்மை, அதாவது பூசையில் சாமியார் தரும் நற்கருணை அப்பம், வாங்கும் முறை முழுசாகத் தெரிந்த ஒரே மனிதர் ஆமென் அண்ணன்தான். சாமியார்கூட அவருக்கு அடுத்தபடிதான். ஆனால் நான் பார்த்தவரை அவர் ஒருநாளும் நன்மை வாங்கியதில்லை.

ஜெயங்கொண்டம் சாலையில் சிமெண்டு லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். ஞாயிறு பூசையில் நடுப்பாதை ஓரத்து பெஞ்சு முனையில் உட்கார்ந்துகொண்டு, நற்கருணை வரிசையை செக்போஸ்ட் போலச் சோதிப்பார். இடது கை மேலே, வலது கை கீழே இருக்க வேண்டும். அப்பத்தை சாமியார் முன்னாலேயே வாயில் போட வேண்டும், நடந்துகொண்டே போடக் கூடாது. "கிறிஸ்துவின் திருவுடல்" என்றால் பதிலுக்குச் சொல்லும் "ஆமென்" கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அண்ணனே அந்த ஆளுக்காக உரக்கச் சொல்லிவிடுவார். பேர் அப்படி வந்ததுதான்.

வாசலில் டீ குடித்துவிட்டு வந்த ஒரு முன்னாள் கவுன்சிலரை, நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, அது இன்னும் ஆகவில்லை என்று வரிசையிலிருந்தே திருப்பி அனுப்பினார். என் கையில் மருதாணியைப் பார்த்துவிட்டு, "நல்லா காஞ்சிருச்சா டீச்சர்? அப்பத் துகள் ஒட்டிக்கும்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பக்தி பறந்துவிட்டது.

அவர் ஏன் வாங்குவதில்லை என்பது ஊருக்கே தெரியும். கோயிலில் தாலி கட்டிய முதல் மனைவி சில மாதத்திலேயே அம்மா வீட்டுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. இன்றும் திருப்பூரில் இருக்கிறார். பிறகு அண்ணன் மீன்சுருட்டியைச் சேர்ந்த செல்வியோடு குடும்பம் நடத்தினார். அப்படி வாழ்கிறவருக்கு நற்கருணை கிடையாது என்பது திருச்சபைச் சட்டம். அதை அவர் யாரிடமும் குறை சொன்னதில்லை. வாங்குகிறவர்களாவது ஒழுங்காக வாங்கட்டும் என்பது அவர் கட்சி.

ஒரு கல்யாணப் பூசையில் கல்லங்குறிச்சியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், பெருமாள் கோயிலில் நிற்பது போலப் பவ்யமாக வரிசையில் நின்று அப்பத்தை வாங்கினார். வீட்டில் மனைவிக்கும் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கூட்டத்தில் சாமியார் கவனிக்கவில்லை. அண்ணன் கவனித்தார். மொபெட்டில் துரத்தி பஸ்ஸை மறித்தார். யாரோ சங்கிலி அறுத்துவிட்டார்கள் என்று பஸ்ஸே எழுந்து நின்றது. பெரியவர் பதறிப்போய் எடுத்து நீட்டி, பிரசாதம்தானே, நீங்களே வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்றாராம்.

"எனக்குக் குடுக்கக் கூடாதுங்க" என்றிருக்கிறார் அண்ணன்.

மொபெட்டை அங்கேயே போட்டுவிட்டு, கைக்குட்டையில் ஏந்திக்கொண்டு வெயிலில் நடந்தே கோயிலுக்கு வந்தார். சாமியாரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அதுவரை அவரைக் கேலி பேசிய நான் அதன் பிறகு பேசவில்லை.

அவர் படும் பாடு செல்விக்குத் தெரியும். ஒருநாள் மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் அம்மா வூட்டுக்குப் போயிடுறேன், நீங்க போயி நன்மை வாங்குங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன் டீச்சர். ஒருத்தி போனது போதாதாங்கிறாரு."

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்த செல்வி எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்த கையோடு கோயிலில் பேச்சு கிளம்பிவிட்டது. இனிமேல் தடை ஒன்றுமில்லை, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாங்கலாம் என்று ஆளாளுக்கு அவரை வாழ்த்தாத குறை. துக்க வீட்டில் நல்ல சேதி சொல்ல நம்மவர்களுக்கு நிகர் யாருமில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்தார். லாரி மசகு போகத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை சிவந்திருந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு உள்ளே போய் வெகு நேரம் இருந்தார். அவருக்கு அடுத்து நான். வெளியே வந்தவரிடம், "ஆச்சாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆவல டீச்சர். செஞ்சதுக்கெல்லாம் மனஸ்தாபப்படணும், மனசார வருத்தப்படணும்ங்கிறாரு சாமி. கோவம், பொய்யி எல்லாத்துக்கும் பட்டுட்டேன். செல்வியோட வாழ்ந்ததுக்கும் படணுமாம். தேடிப் பாத்துட்டேன், அது எங்கிட்ட இல்ல. இல்லாததை இருக்குன்னு சொல்லி வாங்குனா அது முறையா?"

சாமியார் நல்ல மனிதர், சின்ன வயது. வருத்தம் எப்போது வந்தாலும் வாருங்கள், காத்திருக்கிறேன் என்று கண் கலங்கச் சொன்னாராம்.

ஆமென் அண்ணன் இன்னும் பெஞ்சு முனையில்தான் உட்கார்ந்திருக்கிறார். செல்வி உட்காரும் பக்கத்து இடத்தில் யாரும் உட்காருவதில்லை, அவரும் உட்கார விடுவதில்லை.

நன்மை வாங்கியதும் கண்ணை மூடி வேண்டிக்கொள்ள வேண்டும் என்று முதல்முறை வாங்கும் பிள்ளைகளுக்கான புதுநன்மை வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் எனக்கு ஒரே வேண்டுதல்தான். ஆமென் அண்ணனுக்கு அந்த வருத்தம் மட்டும் எந்தக் காலத்திலும் வந்துவிடக் கூடாது. நன்மை வாங்கிய வாயால் இப்படிக் கேட்கலாமா என்று தெரியவில்லை. அவரிடம் கேட்டால் கூடாது என்றுதான் சொல்வார்.