டியூப் சார் தாங்கிப் பிடித்த தார் டிரம்

திருவண்ணாமலையில் மலை ஒன்றைத் தவிர மற்ற எதுவும் எப்போது வேண்டுமானாலும் கழன்று விழும், விழுந்ததைப் பழைய சைக்கிள் டியூபால் கட்டி நிறுத்திவிடலாம் என்று நம்பி வாழ்ந்தவர் எங்கள் டியூப் சார். அந்த நம்பிக்கைக்குக் கீழே நான் குடியிருந்தேன். கீழே என்பதை வாசகர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக மாற்றலாகி வந்து, தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் வீடு பார்க்கப் போனேன். வெளிக்கதவைத் திறந்து உள்ளே ஒரு அடி வைத்ததும் முதுகில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. திரும்பிப் பார்த்தால் ஆள் யாரும் இல்லை. கதவுதான் தானாக மூடிக்கொண்டிருந்தது.

“அடிச்சிடுச்சா சார்? டியூபு புதுசு, அதான் வேகம் ஜாஸ்தி. ஒரு மாசம் போனா கம்மியாயிடும்” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அவர்தான் வீட்டு ஓனர். ஒல்லியான தேகம், முட்டி வரை மடித்த வேட்டி, காதில் ஒரு பென்சில். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. மார்க்கெட் கமிட்டியில் எடை போடும் குமாஸ்தா. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். என்னையும் ஏற இறங்கப் பார்த்து, “நாப்பத்தெட்டு. கொஞ்சம் சாப்பிடணும் சார் நீங்க” என்றார். சரியாக நாற்பத்தெட்டு.

அந்த வீட்டில் கடையில் வாங்கிய பொருள் என்று விரல் விட்டுத்தான் எண்ண வேண்டும். கட்டிலில் கயிற்றுக்குப் பதில் டியூப் பின்னியிருந்தது. ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழும்புவார். உடைந்துபோன பெரிய வால்வு ரேடியோவின் பெட்டி கோழிக்கூடாகியிருந்தது. ஸ்பீக்கர் இருந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக் காலையில் சேவல் கூவும்போது, செய்தி வாசிக்கப் போகிறது என்றே தோன்றும். நாய்க்குப் பழைய குடைத்துணியில் மழைக்கோட்டு. எங்கள் ஊரில் மழைக்குக் காத்திருந்தால் நாய் கிழமாகிவிடும் என்பதால் அதை வெயிலிலேயே போட்டுவிட்டார். அந்தக் கோட்டைப் பார்த்த நாளிலிருந்து தெருநாய்கள் அதோடு பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டன.

தோட்டம் இன்னும் விசேஷம். ஆஸ்பத்திரியில் தூக்கி எறிந்த குளுக்கோஸ் பாட்டில்களைக் கழுவிக் கொண்டுவந்து, சுரைக்கொடிக்கும் கத்திரிச் செடிக்கும் தலைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறக்கியிருந்தார். என் மாமியார் ஊரிலிருந்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “செடிக்கு என்ன உடம்பு, மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

இதெல்லாம் வேடிக்கை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு. நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. பஸ்ஸில் ஏறினால் டிரைவர் கண்ணை மூடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே போகிறவன். அவர் வீட்டில் நான் நாற்காலியில் உட்காருமுன் ஒரு கையால் அழுத்திப் பார்ப்பேன். மாடிக்கு ஏற அவர் வைத்திருந்த மூங்கில் ஏணியில் படிகளை ஆணி இல்லாமல் டியூபாலேயே கட்டியிருந்தார். அதன் பக்கம் நான் போனதே இல்லை.

என் மனைவி வசந்தாவுக்கு ஏழாவது மாதம் நடக்கும்போதுதான் டிரம் வந்தது.

சித்திரை மாதம். மலை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு ஊர்மேல் துப்பும். வசந்தா கிணற்றிலிருந்து குடம் சுமந்து வருவதை டியூப் சார் பார்த்திருக்கிறார். மறுநாளே ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன காலித் தார் டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வீட்டின் முன்பாதி மொட்டைமாடி போட்ட மெத்தை, பின்பாதி ஓடு. ஓட்டுக்கு அடியில் இருந்தது எங்கள் சமையல்கட்டு. மெத்தையின் பின் ஓரத்தில் செங்கல்லை அடுக்கி மண்சாந்து பூசி மூன்று கால் எழுப்பினார். மேலே இரண்டு பலகை, பலகை மேல் டிரம். டிரம்மின் அடியிலிருந்து ஒரு டியூப், ஓட்டைத் துளைத்து இறங்கி, எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் குழாயாக முடிந்தது. தினமும் காலையில் ஆபீஸ் போகுமுன் அவரே கிணற்றில் இறைத்து, கயிறு கட்டி மேலே ஏற்றி நிரப்பிவிடுவார்.

“சார், அது... விழுந்துடாதுங்களே?” என்றேன்.

“தண்ணி இருநூறு கிலோ. டிரம்மு ஒரு பதினெட்டு. மூணு காலு, காலுக்கு எழுபத்திமூணு கிலோ. செங்கல்லு தாங்கும் சார். இன்னா பயம் உங்களுக்கு?”

அந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அதுவரை அது வெறும் டிரம். இப்போது இருநூற்றுப் பதினெட்டு கிலோ.

தினமும் காலையில் பின்கட்டில் நின்று ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, டிரம் நேற்றைவிடச் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள் சாய்ந்தது போலிருக்கும், மறுநாள் நிமிர்ந்தது போலிருக்கும். சாப்பாட்டைக் கூடத்து நிலைப்படி ஓரமாக மாற்றிக்கொண்டேன். வசந்தா சமையல்கட்டில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல இருந்தால் எனக்கு வேர்த்துவிடும். “வசந்தா, என் பேனா எங்கே?” என்று கத்துவேன். “வசந்தா, யாரோ கதவு தட்டறாங்க.” அவள் வந்து பார்த்து, திரும்பிப் போவாள். நாலாவது தடவை கரண்டியோடு வந்தாள்.

“பேனா உங்க சட்டைப் பையில இருக்குது. எனக்குக் கையெட்டுற தூரத்துல தண்ணி வருது. அந்தப் புண்ணியவான் செஞ்சு குடுத்திருக்காரு. சும்மா இருக்க மாட்டீங்களா?”

சும்மா இருக்க முடியவில்லை. ஆபீஸில் லெட்ஜரைத் திறந்தால் டிரம் தெரிந்தது. கடைசியில் அவளிடம் சொல்லாமலே செங்கம் ரோட்டுப் பக்கம் வேறு வீடு பார்த்துவிட்டேன். புதுக் கட்டடம், உறுதியான தளம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன்.

மணி ஒன்றரை இருக்கும். வழக்கம்போல் பின்கட்டுக்குப் போய் ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டினேன். இந்த முறை விரலே தேவைப்படவில்லை. டிரம் சமையல்கட்டுப் பக்கமாக அப்பட்டமாகச் சாய்ந்திருந்தது. அதற்கும் குட்டையான கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள். முதுகை டிரம்மில் கொடுத்து, இரண்டு காலையும் சுவரில் ஊன்றி, டியூப் சார்.

“சா...” என்று நான் வாயைத் திறந்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார்.

“சத்தம் போடாதீங்க சார்” என்று கிசுகிசுத்தார். “தங்கச்சி தூங்குது.”

அன்று அவர் சுரைப்பந்தல் போட லீவு எடுத்திருந்தார். அவர் மனைவி அடி அண்ணாமலையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். தாகம் தாங்காமல் மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் டிரம்மின் மூடியைத் தள்ளிவிட்டு விளிம்பில் ஏறிக் குதித்திருக்கின்றன. செங்கல் கால் ஒன்று பொடிந்து உட்கார்ந்துவிட்டது. குரங்குச் சத்தம் கேட்டு மேலே போனவர், சாயும் டிரம்முக்கு முதுகால் முட்டுக் கொடுத்திருக்கிறார். ஓட்டில் இருந்த சந்து வழியாக எட்டிப் பார்த்தால், நேர் கீழே, சமையல்கட்டின் குளிர்ந்த தரையில் வசந்தா படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எவ்ளோ நேரமா இப்படி?”

“கோயில்ல உச்சிகால மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே.”

“ஒரு குரல் குடுக்கக் கூடாதா சார்!”

“குடுத்தா திடுக்குனு எழுந்துக்கும். ஏழு மாசத்துல திடுக்குனு எழுந்துக்கலாமா? இன்னா சத்தம்னு மேல வேற பாத்துக்குனு நிக்கும். மொதல்ல அதைக் கூட்டினு போங்க. மெதுவா எழுப்புங்க.”

நான் எப்படிச் சமையல்கட்டுக்குள் போனேன் என்று எனக்கே தெரியாது. வசந்தாவின் தோளைத் தொட்டேன். தொட்டதும் அவளே விழித்துக்கொண்டாள். “என்னங்க?” என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன். “வாசல்ல உங்க அம்மா வந்திருக்காங்க.” அவள் தலையைக் கோதிக்கொண்டு நிதானமாக எழுந்து, நிதானமாகப் புடவையைச் சரிசெய்து, நிதானமாக நடந்தாள். அந்தப் பன்னிரண்டு அடியைப் போல் நீளமான தூரத்தை நான் அதற்கப்புறம் கடந்ததில்லை.

அவள் வாசலை அடைந்ததும் ஓடிவந்து, “குழாயைத் திறந்து விடறேன் சார், தண்ணி வடிஞ்சா எடை குறையும்” என்றேன்.

“குடம் வெச்சிட்டுத் திறங்க!” என்று மேலிருந்து கிசுகிசுப்பு வந்தது.

திறந்தேன். நூல் போல வந்தது. தண்ணீர் வீணாகக் கூடாதென்று உள்ளே ஒரு கூழாங்கல்லைச் சொருகியிருந்தார். அந்த வேகத்தில் டிரம் காலியாவதற்குள் குழந்தை பிறந்துவிடும்.

வேறு வழியில்லை. டியூப் கட்டிய ஏணியில் கால் வைத்தேன். ஒவ்வொரு படியும் ஒரு ஜாண் கீழே இறங்கி, யோசித்து, மறுபடி மேலே வந்தது. ஒரு வாளியோடு மேலே போய் மொண்டு மொண்டு ஓரமாகக் கொட்டினேன்.

“கொட்டாதீங்க சார்! சித்திரை மாசம்! கத்திரிச் செடிக்கு ஆவும்!”

இதற்குள் வசந்தா அம்மாவைத் தேடித் தெருவில் விசாரித்ததில் பக்கத்து வீட்டார் நாலு பேர் ஓடிவந்துவிட்டார்கள். வாளி கைமாறிக் கைமாறி இறங்கியது. அவர் சொன்னபடியே தண்ணீர் கத்திரிச் செடிக்கும் குடங்களுக்கும் போனது. டிரம் பாதியானதும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிடித்து மறுபக்கம் படுக்க வைத்தோம்.

டிரம் நகர்ந்தது. அதோடு சேர்ந்து டியூப் சாரும் நகர்ந்தார். மத்தியான வெயிலில் டிரம்மின் பழைய தார் இளகி, பனியனும் முதுகும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊற்றிப் பிரித்தோம். முதுகு முழுக்கக் கொப்புளம். அதுவரை சிரித்த முகமாக இருந்த மனிதர், அப்போதுதான் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

ரிக்‌ஷாவில் டாக்டரிடம் கொண்டுபோனேன். சீட்டு எழுதிய கம்பவுண்டர், “இவரு உங்களுக்கு இன்னா வேணும்?” என்று கேட்டார். வீட்டு ஓனர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “மச்சான்” என்று வந்தது. குப்புறப் படுத்திருந்தவர், “ஆமாங்க” என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் வசந்தா கேட்டாள். “மத்தியானம் வந்து ஒண்ணு சொல்றேன்னு காலையில சொன்னீங்களே, என்ன அது?”

“ஒண்ணுமில்ல” என்றேன். மறுநாள் செங்கம் ரோட்டுக்குப் போய், வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டியூப் சார் பத்து நாள் குப்புறப் படுத்திருந்தார். வீடு ஓசை அடங்கிப் போனது. நியாயமாகப் பார்த்தால் நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மேலே டிரம் இல்லை. எதுவும் விழவில்லை. ஆனால் சோறு இறங்கவில்லை. ஆபீஸில் உட்கார்ந்தால் முதுகுப் புண் சீழ் பிடித்திருக்குமோ என்ற நினைப்பு. வீட்டுக்கு வந்ததும் முதலில் அவர் பக்கத்துக் கதவருகே போய் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று நிற்பேன்.

பதினோராவது நாள் மத்தியானம். தட்டில் இரண்டு கை சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்கட்டிலிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக், டொக்.

வசந்தா என்னைப் பார்த்தாள். “எழுந்துட்டாருங்க” என்றாள்.

என்ன செய்கிறார், எங்கே மாட்டப் போகிறார், எத்தனை கிலோ இருக்கும் என்று நான் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.