பாதரசம் ஏறாத என் கை

களைப்பு என்கிற நோய்க்குச் சாட்சி கிடைப்பது கஷ்டம். காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாம். புண் என்றால் துணியை விலக்கிக் காட்டலாம். "முடியலைங்க" என்று சொன்னால் மட்டும், கேட்கிறவர்கள் நம் முகத்தை விட்டுவிட்டுக் கழுவாமல் கிடக்கிற சட்டியைப் பார்ப்பார்கள். என் ஓரகத்தி பழனியம்மாக்காவுக்கு அப்படி ஒரு சாட்சி வேண்டியிருந்தபோது என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். (அவ்வளவு பெரிய மலையில் வேறு ஆளே கிடைக்கவில்லை.)

அப்போது வெள்ளைக்காரன் காலம். மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊர். நான் கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அக்கா என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி. காலையில் என்னைவிட வேகமாகச் சாமை குத்துவாள். வெயில் ஏறினால் உலக்கை கையிலிருந்து நழுவும், கால் இழுக்கும், கண்ணும் மங்குகிறது என்பாள். சாயங்காலம் குளிர் இறங்கியதும் கொஞ்சம் தேறிவிடுவாள். அதுதான் வினையாகப் போயிற்று. வேலை நேரத்தில் வருகிற நோவு சோற்று நேரத்தில் எங்கே போகிறது என்று மாமியார் கேட்டார். டாக்டரிடம் காட்டி, அவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அக்காவைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூத்தவருக்கு வேறு பெண் பார்ப்பதென்று மாமனார் தீர்மானித்துவிட்டார்.

மலைக் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கக் கீழ்நாட்டிலிருந்து ஒரு டாக்டர் வந்து வாசலூர்பட்டியில் தங்கியிருந்தார். விடிந்ததும் ஊர் ஆட்களை வைத்து அக்காவை டோலி கட்டித் தூக்கிப் போனோம். மாமனாரும் மூத்தவரும் வந்தார்கள், பெண் துணைக்கு நான்.

ரத்த அழுத்தம் பார்க்கிற பெட்டியைத் திறந்து, அதிலிருந்த ரப்பர் பையைச் சுருட்டி அக்கா கையில் கொடுத்தார் டாக்டர். பையை அமுக்கினால் கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறும். ஒரு தடவை அமுக்கினால் பலம் தெரியும், திரும்பத் திரும்ப அமுக்கினால்தான் களைப்பு தெரியும் என்று விளக்கினார். அக்கா அமுக்கினாள். முதலில் நன்றாக ஏறியது, பிறகு ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தது. இதை ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒரு பெண் வேண்டும் என்றார் டாக்டர். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமனார் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் மருமகள்கள் சத்தமாக இருமக்கூட மாட்டோம். அப்படியிருக்க, அவர் முன்னால் பலத்தைக் காட்டுவதாவது! அடைகாக்கும் கோழிக்கடியில் முட்டையைத் தடவுகிற மாதிரி இரண்டு விரலால் தொட்டேன். பாதரசம் அசையவில்லை. நன்றாக அமுக்கச் சொன்னார் டாக்டர். நான் தலையை நன்றாகக் குனிந்தேன்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "பாருங்க சாமி, நோவில்லாதவளே இம்புட்டுத்தான். நோவுக்காரி இவளைவிட ஏத்திப்போட்டா. அப்பறம் என்னங்க நோவு? ஊட்டுக்குப் போறப்பவே அவளை அவங்கப்பன் ஊட்ல உட்டுர்றோம்."

டாக்டர் குழம்பிப்போய், இருவரும் இன்னொரு முறை அமுக்குங்கள் என்றார். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. அக்கா அமுக்கினாள், பாதரசம் பாதிகூட ஏறவில்லை, மறுபடி அமுக்கினாள், அப்படியே சரிந்து விழுந்தாள். நடிக்கிறாள் என்று மாமனார் முனகினார். தரையில் கிடந்தபடியே அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, உலக்கையப் புடிக்கிற மாதிரி புடி சாமி."

மாமனாருக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். (அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு எங்கள் வீட்டில் கிடையாது.) கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அமுக்கினேன். டாக்டர் போதும் போதும் என்றது காதில் விழுந்தும் எனக்கு விடத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது பாதரசம் குழாயின் தலைவழியாகப் பொங்கி மேசையெல்லாம் உருண்டோடிக்கொண்டிருந்தது. மாமனார் மடியிலும் ஒரு குண்டு. அவர் அதைப் பிடிக்கப் பிடிக்க அது இரண்டாகி நாலாகி ஓடியது. டாக்டர் மண்ணில் மண்டியிட்டுத் தேடினார்.

எழுந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. அக்கா உள்ளங்கையில் தன் விரலை வைத்துப் பிடிக்கச் சொன்னார். அவளால் அதை வளைத்துப் பிடிக்கக்கூட முடியவில்லை.

"காலையில பாதரசம் ஏத்தின கை இது. நடிப்பில்லைங்க, நரம்பு நோய். என்கிட்ட மருந்தில்லை. வெயில் நேரத்துல படுக்க விடுங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது டோலியின் ஒரு முனையை மாமனார் தானே தோளில் வைத்துக்கொண்டார். அக்கா கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாக இருந்திருக்கும் என்கிறாள் நர்ஸ் வேலை பார்க்கும் என் பேத்தி. (மூன்றாம் வகுப்போடு நின்ற என் வாயில் அது நுழைவதில்லை.)

பெட்டியைக் கெடுத்ததுகூடப் பெரிதில்லை. முதலிலேயே நான் ஒழுங்காக அமுக்கியிருந்தால், அவள் இரண்டாவது தடவை அமுக்கி அத்தனை ஆம்பளைகள் நடுவில் விழுந்திருக்க வேண்டாம். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அக்கா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. கேலியாக மட்டும் மாற்றிவிட்டாள். டப்பா மூடி இறுகிக்கொண்டால் என்னிடம் நீட்டி, "மாமா வெளிய போயிட்டாரு கண்ணு, இப்பத் தொற" என்பாள். மாமனார் செத்துப் பல வருஷம் கழித்தும் அதையே சொன்னாள். இப்போது அவளும் இல்லை. பேரன் பேத்திகள் டப்பாவைக் கொண்டுவந்து அவள் குரலிலேயே அதைச் சொல்கிறார்கள். வீடே சிரிக்கிறது. நான் யார் முகத்தையும் பார்க்காமல் திறந்து கொடுக்கிறேன்.