சந்தனம் வைத்த ஐந்து கணினிகள்

காலை ஒன்பது நாற்பது. மாடிக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஐந்து கணினிகளின் நெற்றியிலும் காய்ந்திருந்த சந்தனம். அடுத்தது, அவற்றில் நான்கின் திரைகளில் இறங்கிக்கொண்டிருந்த சிவப்பு எழுத்து: இணைப்பு மறுக்கப்பட்டது. இணைப்பு மறுக்கப்பட்டது.

அன்று விஜயதசமி. பத்து மணிக்குச் சென்னை நிறுவனத்தின் மேலாளர் வீடியோவில் வருவதாக இருந்தது. (நாள் குறித்தது என் அண்ணன். நல்ல நாளாம்.)

இடம், அருப்புக்கோட்டையில் அண்ணனின் பெயின்ட் கடை மாடி. பத்திரிகை வேலையை விட்டுவிட்டு நான் தொடங்கிய அலுவலகம். ஊழியர், பாளையம்பட்டி ஜெபா ஒருத்தி. மாவட்டம் மாவட்டமாக மழைப் பதிவுகள் மலைபோல் வரும். தலைக் கணினி அதைக் கூறு போடும். மற்ற நான்கும் தலையிடம் போய் ஆளுக்கொரு கூறு வாங்கிக் கூட்டித் தரும். (எங்கள் தாலுகாவின் கூறு மட்டும் சீக்கிரம் முடிந்துவிடும்.)

அன்று இது ஓடினால் வேலை எங்கள் ஊரிலேயே இருக்கும். ஓடாவிட்டால் கணினிகளோடு நாங்களும் சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டும். "அங்க இருந்துகிட்டு இதெல்லாம் எப்படி மேடம்?" என்று மேலாளர் முன்பே கேட்டிருந்தார். "கரண்டு இருக்கு, வயர் இருக்கு, நாங்க இருக்கோம்" என்று நானும் நெஞ்சை நிமிர்த்தியிருந்தேன்.

எனக்கு முன்பே வந்திருந்த ஜெபா கணினிகளைப் போட்டிருப்பாள் என்று நினைத்து, வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். நிரலை நிறுத்தி ஓட்டினேன். பத்தடித்தது. மேலாளர் திரையில் வந்தார்.

"மேடம், அது என்ன, மஞ்சளா?"

"சந்தனம் சார். நேத்து ஆயுத பூஜை."

"உள்ள போயிருக்குமோ?"

"போகாது" என்று உறுதியாகச் சொன்னேன். சொல்லிவிட்டு, ஒரு பழைய பல் பிரஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். (நான் நம்பிக்கை இழந்த கணம் அது என்கிறாள் ஜெபா. முன்னெச்சரிக்கை என்கிறேன் நான்.)

அப்போது பார்த்து அண்ணன் சுண்டல் தூக்குடன் மேலே வந்தார்.

"ஏத்தா! நல்ல நாளும் அதுவுமா சாமிக்கு வச்ச சந்தனத்தப் பிரஷ் போட்டுத் தேய்க்குறியே, வெளங்குமா?"

"ஏண்ணே, இம்புட்டுச் சந்தனத்த யாரு அப்பச் சொன்னது?"

"நாந்தேன்க்கா வச்சேன்" என்றாள் ஜெபா. (ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பூஜைக்கு எங்களைவிடச் சுத்தமாகத் துடைத்துப் பொட்டு வைத்ததும் அவள்தான்.)

"சந்தனத்தைக் குத்தஞ் சொல்லாத" என்று அண்ணன் குரலை உயர்த்தினார். "நான் முறையாத்தான் செஞ்சேன். காலைல நல்ல நேரத்துல வந்து, கன்னி மூலையில இருந்து ஒண்ணொண்ணாப் போட்டு விட்டுட்டுல்ல போனேன்!"

"நீயா போட்டே?"

"பெறகு? மொத சுச்சு கன்னி மூலையிலதான போடணும்! கடையில அப்படித்தான்."

"மேடம், மைக் ஆன்ல இருக்கு" என்றார் மேலாளர்.

யார், எங்கே, எப்போது என்று கேட்டே வயிறு வளர்த்தவள் நான். தலைக் கணினி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கேட்கவில்லை. எங்கள் ரவுட்டர், கணினிகளுக்கு அவை எழும் வரிசையில் முகவரி கொடுக்கும். தினமும் தலையைத்தான் முதலில் எழுப்புவேன். முதல் முகவரி அதற்கே கிடைக்கும்; மற்ற நான்கும் அந்த முகவரியில்தான் போய் வேலை கேட்கும். அந்தப் பழக்கத்தை நம்பி, முகவரிகளை நிரந்தரமாக்காமல் விட்டிருந்தேன். பூஜைக்காக ரவுட்டர் வரை எல்லாம் அணைந்திருந்தது. மறுநாள் தென்மேற்கு மூலைக் கணினி முதலில் எழுந்து, தலையின் முகவரியை வாங்கிக்கொண்டது. நான்கும் வேலை கேட்டு அதன் வாசலில் நின்றன. அந்த நான்கில் அதுவும் ஒன்று. தன்னிடமே வேலை கேட்டு, தானே மறுத்துக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் அணைத்து, தலையை முதலில் எழுப்பினேன். ஓடியது.

"இதுக்குத்தான் மேடம், இங்கயே வந்துட்டா..."

"வரல சார். முகவரிய எழுதாம விட்டது எந்த ஊர்லயும் தப்புதான். சந்தனம் தப்பில்ல. எங்க ஊரும் தப்பில்ல." கையில் பல் பிரஷ் இன்னும் இருந்தது.

அவர் கணக்கைப் பார்த்தார். "திருச்சுழிப் பக்கம் ரொம்பக் கம்மியா வருதே, பிழையா?"

"பிழையில்ல சார். எங்க பக்கம் மழையே அம்புட்டுத்தான்."

வேலை எங்களிடமே இருக்கிறது. எங்கள் வீட்டில் யாராவது போனை எடுக்காவிட்டால், "கன்னி மூலையில போயிக் கூப்பிட்டுப் பாரு" என்பார்கள், என்னைப் பார்த்துக்கொண்டே. முகவரிகளை மறுநாளே நிரந்தரமாக எழுதிவிட்டேன். இனி எது முதலில் எழுந்தாலும் கவலையில்லை. மூலை சாஸ்திரத்தை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

தலைக் கணினி இப்போது கன்னி மூலையில் இருக்கிறது.