வாடகைக்கு ஒரு வாரம்

கடலூர் மாவட்டத்தின் வரலாற்றை இரண்டே பாகமாகப் பிரிக்கலாம்: தனக்கோடி விழிப்படைவதற்கு முன், தனக்கோடி விழிப்படைந்த பின். முதல் பாகத்தில் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு பொருள் வாங்கினார்கள். இரண்டாம் பாகத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்கினார்கள். வாங்கிய பொருள் என்னவோ அதேதான்.

'கெடிலக்கரை நுகர்வோர் விழிப்புணர்வுப் பேரவை'க்கு நிறுவனர், தலைவர், சிறப்புப் பேச்சாளர் ஆகிய பதவிகள் இருந்தன. பிறருக்கு எதற்குச் சிரமம் என்ற நல்லெண்ணத்தில் மூன்றையும் தனக்கோடியே வகித்துவந்தார். மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தது அவருடைய ஓய்வு நேர வேலை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் சோடாவுக்கு அச்சிட்ட விலையைவிட ஒரு ரூபாய் ஜாஸ்தி கேட்ட கடைக்காரரிடம் சட்டம் பேசி வென்றார். அதற்குள் கிளம்பிப்போன பஸ்ஸை ஆட்டோ வைத்துத் துரத்திப் பிடித்தார். ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது கொள்கைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

அப்பேர்ப்பட்டவருடைய வீட்டுக்கு 2009-இல் ஒரு போன் வந்தது. சிதம்பரத்தில் ஒரு புடவைக் கடையில் அவருடைய மனைவி ஜோதிலட்சுமி எப்போதோ கூப்பன் எழுதிப் பெட்டியில் போட்டிருந்தாள். அதற்குப் பரிசு விழுந்திருக்கிறதாம். தம்பதியாகச் சிதம்பரத்து ஹோட்டல் ஒன்றுக்கு வந்து பெற்றுக்கொள்ள வேண்டுமாம்.

"சுத்த மோசடி," என்றார் தனக்கோடி.

"அப்ப போவ வேணாங்களா?"

"போவணும். போயி கையும் களவுமா புடிக்கணும்."

பிடிக்கத்தான் போனார். ஏ.சி. அறையில் 'நீலமேகம் ஹாலிடே கிளப்' சார்பில் கோட்டுப் போட்ட பூஜா என்ற பெண் காபி கொடுத்து வரவேற்றாள். கொடைக்கானலில் ஓர் அறை. வருஷத்துக்கு எத்தனை வாரமோ அத்தனை பேருக்கு அந்த ஓர் அறையே சொந்தம். ஆளுக்கு ஒரு வாரம், இருபத்தைந்து வருஷத்துக்கு. சுவரில்லாமல், கூரையில்லாமல், காலத்தையே பட்டா போட்டு விற்கிற திட்டம்.

தனக்கோடி சட்டைப்பையிலிருந்து கேள்விகளை எடுத்தார். பூஜா புன்னகை செய்தாள்.

"சாரைப் பாத்தாலே தெரியுது, ரொம்ப விவரமானவருன்னு. சார் மாதிரி ஆளுக்கெல்லாம் நான் விளக்கணுமா?"

கேள்விகள் சட்டைப்பைக்குத் திரும்பிப் போயின. விவரமானவர் விளக்கம் கேட்பது முறையாகாது. மாடி எடுப்பதற்காகச் சேர்த்துவைத்த பணத்துக்கு அன்று சாயங்காலமே செக் எழுதினார். மாடி போனால் என்ன, மலையே வந்துவிட்டதே! பரிசாகக் கிடைத்த பிளாஸ்டிக் ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஜோதிலட்சுமி கடலூர் பஸ்ஸில் கேட்டாள்:

"புடிச்சிட்டீங்களா?"

"நான் அவுங்கள புடிக்கல. ஆனா நல்ல வாய்ப்ப புடிச்சிட்டேன்."

அவருக்கு ஒதுக்கப்பட்டது மே மாதத்தின் கடைசி வாரம். முதல் வருஷம் லீவு கிடைக்கவில்லை, வாரம் வீணானது. ஆனால் 'பராமரிப்புக் கட்டணம்' தவறாமல் வந்தது. போகாத அறையில், படுக்காத கட்டிலில், விழாத சுருக்கத்தை நீவிவிட்டதற்கான கூலி அது. இரண்டாம் வருஷம் ஜோதிலட்சுமி ஸ்வெட்டரே வாங்கிவிட்டாள்.

"இந்த வாட்டி போயிட்டு வந்துடலாங்க. வெயில் தாங்கல."

"போனா செலவு. வாடகைக்கு விட்டா வரவு," என்று தனக்கோடி பொருளாதாரத்தை விளக்கினார். "நாம நுகர்வோர் மட்டுமில்ல ஜோதி. இனிமே முதலீட்டாளர்."

ஸ்வெட்டர் பீரோவுக்குப் போனது.

பேரவையின் அறிவிப்புப் பலகையில் ஒரு விளம்பரம் ஒட்டினார். பிரவுசிங் சென்டருக்குப் போய் இன்டர்நெட்டிலும் ஒன்று போட்டார். பலகையைப் பார்த்துவிட்டு வந்தவர் தேவனாம்பட்டினத்துச் சின்னையன். சொந்தமாக ஒரு படகு வைத்திருப்பவர். மகள் வெண்மதியை டீச்சருக்குப் படிக்கவைத்து, அந்த மாதம்தான் கல்யாணம் முடித்திருந்தார்.

"நம்ம ஊருக்கு எல்லாரும் கடல் பாக்க வர்றாங்க சார். எம் பொண்ணு பொறந்ததுலேர்ந்து கடலத்தான் பாக்குது. மலைன்னு ஒண்ண பாத்ததே இல்ல. மாப்ளகூட ஒரு வாரம் இருந்துட்டு வரட்டும்."

"விலை, நிபந்தனையெல்லாம் விசாரிச்சீங்களா? கண்ணை மூடிக்கிட்டு யாரையும் நம்பக் கூடாது," என்றார் தனக்கோடி. அது அவருக்குப் பழக்கத்தில் வருவது.

"வேற எடத்துலன்னா பயந்திருப்பேன் சார். நீங்க தலைவராச்சே," என்று சொல்லி, முழு வாடகையையும் ரொக்கமாகக் கையில் கொடுத்தார் சின்னையன்.

எல்லாம் இவ்வளவு எளிதாக முடிந்தால் மனித முன்னேற்றம் என்ன ஆவது? அடுத்த வாரமே லண்டனிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் டாக்டர் சித்தார்த், இதய நிபுணர். அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவராம். அந்த மண்ணின் நினைவு வாட்டுவதால் மனைவியோடு தமிழ்நாட்டுக்கு வருகிறாராம். தனக்கோடியின் அதே வாரம்தான் வேண்டுமாம். வாடகை இரண்டு மடங்கு தருகிறாராம்.

தனக்கோடி நெகிழ்ந்துபோனார். அவரும் அதே இடத்தில் பட்டம் வாங்கியவர். தபாலில்தான் படித்தார் என்றாலும், ஒருவகையில் வகுப்புத் தோழர்கள். தோழரின் பெயரையே அந்த வாரத்துக்கு விருந்தினராகக் கிளப்பில் பதிவுசெய்தார். பிறகு சின்னையனை வரவழைத்தார்.

"தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களால் உங்க புக்கிங் ரத்தாகுது."

"மாப்ள வூட்டுல எல்லாம் சொல்லிட்டேனே சார். பொண்ணு பெட்டியெல்லாம் கட்டி வச்சிருக்குது."

"வருத்தமாத்தான் இருக்கு. இந்தாங்க பணம்."

சின்னையன் எண்ணிப் பார்த்தார். "பாதிதான் இருக்குது?"

"மீதி ரத்துக் கட்டணம்."

"ரத்து பண்ணது நான் இல்லீங்களே சார்?"

"யாரு பண்ணாலும் ரத்து ரத்துதான். கட்டணம் ரத்துக்குத்தான், ஆளுக்கில்ல."

இந்த அரிய சட்டநுணுக்கத்தைச் சின்னையனால் மறுக்க முடியவில்லை. படகுக்காரர், காற்றோடு வாதாடிப் பழக்கமில்லை. பாதிப் பணத்தை மடியில் முடிந்துகொண்டு போனார்.

லண்டன் டாக்டரின் செக் கூரியரில் வந்தது, மும்பை வங்கி ஒன்றுடையது. பேசிய வாடகையைப் போல நாலு மடங்குக்கு எழுதியிருந்தது! பின்னாலேயே ஒரு மின்னஞ்சல்: 'என் உதவியாளரின் தவறு. மன்னிக்கவும். தங்களைப் போன்ற நேர்மையாளரிடம் சிக்கியது என் அதிர்ஷ்டம். உபரித் தொகையை என் டிராவல் ஏஜென்ட் கணக்கில் உடனே கட்டிவிடுங்கள். இல்லையென்றால் விமான டிக்கெட் போய்விடும்.'

வங்கிக் கவுன்டரில் இருந்த பெண், "வெளியூர் செக் சார். பணம் வர நாளாவும், பொறுங்க," என்றாள். ஆனால் செக் கட்டிய ரசீதில் ரப்பர் ஸ்டாம்ப் பளிச்சென்று விழுந்திருந்தது. அரசு அலுவலகத்தில் வாழ்க்கையைக் கழித்தவருக்கு ரப்பர் ஸ்டாம்புக்கு மேல் என்ன வேண்டும்? நேர்மையாளர் என்று ஒருவர் லண்டனிலிருந்து சொன்ன பிறகு தாமதிப்பது நாட்டுக்கே இழுக்கு.

"ஜோதி, வளையலக் கொஞ்சம் கழட்டு. அடுத்த வாரம் மீட்டுத் தந்துடுறேன்."

"யாருன்னே தெரியாத ஆளுக்கு எதுக்குங்க நம்ம வளையலு?"

"யாருன்னு தெரியாதா? அண்ணாமலை நகர்!"

வளையலை அடகு வைத்த பணம் டிராவல் ஏஜென்டுக்குப் போய்ச் சேர்ந்தது. செக் திரும்பி வந்தது. அப்படி ஒரு கணக்கே கிடையாதாம். தனக்கோடி லண்டனுக்கு எழுதிய மின்னஞ்சல்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. போனவற்றில் வளையல் மட்டும்தான் திரும்பவில்லை.

காவல் நிலையத்துக்குப் போகலாம். ஆனால் மறுநாள் பேப்பரில் 'நுகர்வோர் தலைவர் ஏமாந்தார்' என்று போடுவார்களே? வாரத்தையாவது சின்னையனுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பூஜாவுக்குப் போன் செய்தார்.

"சாரி சார். இந்த ஸ்டேஜ்ல கெஸ்ட் பேரை மாத்த முடியாது. அது இல்லாம, எங்க எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாம ரூமை வாடகைக்கு விடறதே ரூல்ஸ்படி தப்பு."

"அத நீ அன்னிக்கே சொல்லலியேம்மா!"

"சார் மாதிரி விவரமானவருக்கு நான் விளக்கணுமா?"

மே கடைசி வாரம் வந்தது. கொடைக்கானலில் இல்லாத டாக்டருக்காகக் கட்டிலில் வெள்ளை விரிப்பு விரிக்கப்பட்டது. தேவனாம்பட்டினத்தில் வெண்மதி கட்டிய பெட்டியைப் பிரித்தாள். மஞ்சக்குப்பத்து வீட்டில் கரன்ட் போயிருந்தது. ஜோதிலட்சுமி வளையல் இல்லாத கையால், பனிமூட்டப் படம் போட்ட கிளப்பின் புத்தகத்தை எடுத்து விசிறிக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பேரவையின் மாதக் கூட்டம், திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்தது. மகளிர் அணித் தலைவி என்ற முறையில் ஜோதிலட்சுமியும் வந்திருந்தாள். அணியில் அவள் ஒருத்திதான். தனக்கோடி 'ஏமாறாதிருப்போம்' என்று பேச எழுந்தபோது சின்னையன் படியேறி வந்தார். வாசலில் செருப்பை விட்டார்.

"ஒரு புகாருங்க."

"யார் மேல?" என்று கேட்டார் செயலாளர் ஜெயசீலன். இளைஞர், பள்ளி ஆசிரியர், பேனாவும் கையுமாகவே இருப்பவர்.

சின்னையன் சங்கடத்தோடு தலைவரைப் பார்த்துக் கும்பிட்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். எங்க குடுக்கறதுன்னு தெரியல. கீழ போர்டுல, ஏமாந்தவுங்க தயங்காம வரலாம்னு போட்டிருந்துச்சு."

சபை மின்விசிறியை அண்ணாந்து பார்த்தது.

"தலைவர் மேல புகார் வந்தா யாரு விசாரிக்கணும்?" என்று யாரோ கேட்டார்கள். ஜெயசீலன் விதிகளைப் புரட்டினார். "தலைவர்தான்," என்றார். விதிகளை எழுதியவரும் தலைவர்தான்.

எனவே தனக்கோடி தன்னைத் தானே விசாரித்தார். இரண்டு நிமிஷம் 'சந்தைச் சூழல்' பற்றிப் பேசினார். அப்புறம் பேச்சுக் குறிப்பை மடக்கிக் கீழே வைத்தார்.

"உங்கள ஏமாத்துனது நான் இல்லய்யா! லண்டன்காரன்! என் பணம், இவ வளையலு, எல்லாத்தையும் சுருட்டிட்டான். நானே ஏமாந்துபோயி நிக்கிறேன்!"

முதன்முறையாக அந்த மாடியில் ஒரு தலைவர் உண்மை பேசினார். சின்னையன் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"அடடா. பாவம் சார் நீங்க." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அந்த லண்டன்காரர நான் பாத்ததே இல்லீங்களே. அவரு உங்களதான ஏமாத்துனாரு? என்ன ஏமாத்துனது..."

அதோடு நிறுத்திக்கொண்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

ஜெயசீலனின் பேனா காத்திருந்தது. "எதிர்மனுதாரர் பேரு வேணுங்க. பேரு இல்லாத புகார் செல்லாது."

சின்னையன் தரையைப் பார்த்தார். 'செல்லாது' என்ற சொல் தனக்கோடியின் முகத்தில் மெல்ல வெளிச்சமாகப் பரவியது. விதி எவ்வளவு தொலைநோக்கோடு எழுதப்பட்டிருக்கிறது!

"எழுதிக்க தம்பி," என்றாள் ஜோதிலட்சுமி. "பேரு தனக்கோடி. வெலாசம் எங்க வீடுதான்."

"ஜோதி, வீட்டுல பேசிக்கலாம்..."

"வீட்டுல பேசுனா யாருங்க எழுதுவா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ரத்துக் கட்டணத்தைத் தலைவர் அடுத்த மாதச் சம்பளத்தில் திருப்பித் தர வேண்டும். அடுத்த மே மாதத்து வாரத்துக்கு வெண்மதியையும் மாப்பிள்ளையையும் கிளப்பின் எழுத்துப்பூர்வமான அனுமதியோடு, வாடகையில்லாமல் அனுப்ப வேண்டும். தனக்கோடி கையெழுத்துப் போட்டார். சின்னையன் எல்லாரையும் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். ஜெயசீலன் பேனாவை மூடப்போனார்.

"மூடாத தம்பி," என்றாள் ஜோதிலட்சுமி. "ரெண்டாவது புகாரு இருக்குது. எதிர்மனுதாரரு அதே ஆளு, அதே வெலாசம்."