குழாய்க்காரர் ஊரில் இல்லை

குழாய்க்காரரின் பாஸ்போர்ட் வாஷிங் மெஷினிலிருந்து ஒரு காகித உருண்டையாக வெளியே வந்தது.

“சட்டைப் பையைப் பார்க்க மாட்டியா?”

“அதுல பாஸ்போர்ட் இருக்குன்னு நான் என்ன ஜோசியமா பார்த்தேன்?” என்றாள் மனைவி.

புதுப்பிப்பதற்காக எடுத்து வைத்தது அது. வெளிநாட்டில், ஆஸ்பத்திரியில் அவருடைய அண்ணன் கிடந்தார். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். மூச்சு இருக்கும்போதே முகத்தைப் பார்த்துவிட வேண்டும். குழாய்க்காரருக்கும் உடம்பு சுகமில்லைதான். மூன்று மாதம் முன்பு, ரத்தக் குழாயில் அடைப்பு என்று அவர் நெஞ்சிலேயே ஒரு குழாய் வைத்தார்கள். வைத்த டாக்டர் சொன்ன நாளில் வந்தார், அதுதான் வித்தியாசம்.

நம் ஆள் பத்து வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டில் ஒளிந்துகொள்வார். போனை அணைத்தே வைத்திருப்பார். கதவைத் தட்டுகிறவர்களுக்கு மனைவி சொல்லும் பதில் தெருவுக்கே மனப்பாடம்: “அவரு ஊர்ல இல்ல.” அதனால் அண்ணி போன் செய்வதும் இவளுக்குத்தான்.

“அண்ணி என்ன சொன்னாங்க?”

“அப்படியேதான் இருக்காராம். நீங்க மொதல்ல மாத்திரையைப் போடுங்க.”

புது விண்ணப்பத்தை மனைவிதான் நிரப்பினாள். அலுவலகத்துப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“வயசு இருபத்தேழா? நரை மட்டும் முன்னாடியே பொறந்துருச்சா?”

பிறந்த தேதிக்கு நேரே கல்யாணத் தேதி!

“அன்னிக்குத்தானே உங்களுக்குப் புத்தி பொறந்துச்சு” என்றாள் மனைவி. தெருக்காரர்கள் நாங்கள் இரண்டு நாள் சிரித்தோம். அவருக்குத்தான் பத்து நாள் போயிற்று.

திருத்திக் கொடுத்தால், நனைந்த பாஸ்போர்ட் என்பதால் போலீஸ் விசாரணை. சாதாச் சட்டையில் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். குழாய்க்காரர் வழக்கம்போல் குளியலறைக்குள் பதுங்கினார். வாசலில் என்னவோ பேச்சு நடந்தது. நாலாம் நாள் தகவல் வந்தது: ‘இந்த முகவரியில் வசிக்கவில்லை.’

“போலீஸ்காரன்கிட்டயுமாடி அதைச் சொல்லுவே?”

“குழாய் ஒழுகுதுன்னு வந்தவர்னு நெனச்சேங்க.”

தான் வெட்டிய பள்ளத்தில் தானே விழுந்தார் என்று தெரு தீர்ப்புச் சொன்னது.

பாஸ்போர்ட்டைத் துவைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மனைவிக்குச் சொல்லாமல், கரண்ட் பில், வீட்டுப் பத்திரம், சாட்சிக்கு நாங்கள் இரண்டு பேர் என்று திரட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அதே சாதாச் சட்டைக்காரர் மேஜையில் இருந்தார்.

“சார், இருபது வருஷமா அந்த வீட்லதான் இருக்கேன். சாகக் கெடக்கற அண்ணனை ஒரு தடவை பார்க்கணும். இல்லைன்னு எழுதிட்டீங்களே!”

அவர் பேனாவை மூடினார். எங்களைப் பார்த்தார். பிறகு குழாய்க்காரரை.

“நீங்க உள்ளதான் இருந்தீங்கன்னு தெரியும் சார்; ‘மூத்தவர் போயிட்டாரு, இவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு, நானும் பாஸ்போர்ட்டைத் துணியோட போட்டுத் துவைச்சுப் பார்த்துட்டேன், நீங்களாவது கொஞ்சம் இழுத்தடிங்க’ன்னு அந்தம்மா அழுததாலதான் அப்படி எழுதினேன்... இன்னுமா உங்ககிட்ட சொல்லல?”